ஜாம்பியாவின் லுவாங்வா காட்டில் நடந்தே ஒரு சஃபாரி: புஷ் கேம்ப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஆப்பிரிக்க சஃபாரி என்றதும் நம் ஆட்கள் மசாய் மாரா, செரெங்கெட்டி என்றுதான் ஆரம்பிப்பார்கள். நல்ல இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிங்கத்தைச் சுற்றிப் பதினைந்து வண்டி நிற்கும் காட்சி வேண்டாம், வண்டியை விட்டு இறங்கிக் காட்டு மண்ணில் கால் வைத்து நடக்க வேண்டும், ராத்திரி ஆற்றங்கரையில் நாணல் குடிலில் படுத்து நீர்யானை உறுமுவதைக் கேட்க வேண்டும், அதே சமயம் மெத்தையும் வெந்நீரும் இருக்க வேண்டும் என்றால், கிழக்கு ஜாம்பியாவில் இருக்கும் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவைப் பாருங்கள்.

நடை சஃபாரி வேரூன்றிய இடம் இது. 1950-இல் நார்மன் கார் என்ற வனவிலங்கு அதிகாரி, அந்தப் பகுதியின் தலைவர் ன்செஃபுவோடு பேசி, அவர் நிலத்தில் ஒரு சின்ன முகாம் போட்டார். துப்பாக்கியோடு வருகிறவர்களுக்குப் பதிலாகக் கேமராவோடு வருகிறவர்கள், அவர்கள் தரும் காசு ஊருக்கு, இதுதான் ஏற்பாடு. அந்தக் காலத்துக்கு அது புரட்சி. 1972-இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு 9,050 சதுர கிலோமீட்டர். நடுவே அணை எதுவும் இல்லாமல் தன் இஷ்டத்துக்கு வளைந்து ஓடும் லுவாங்வா ஆறு. ஆறு தடம் மாறும்போது விட்டுப்போன வளைவுகள் குட்டைகளாக நிற்கும், கோடையில் எல்லா மிருகமும் அங்கேதான் கூடும். இந்தப் பயணத்தின் மொத்தச் சூட்சுமமும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

இங்கே இல்லாததையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவிங்கிப்புலி கிடையாது. காண்டாமிருகமும் கிடையாது. கள்ளவேட்டையால் கறுப்புக் காண்டாமிருகம் 1998-இல் நாட்டிலேயே அற்றுப்போனதாக அறிவித்தார்கள், 2003-இலிருந்து பக்கத்தில் உள்ள வடக்கு லுவாங்வாவில் மட்டும் திரும்பக் கொண்டுவந்து வளர்க்கிறார்கள். லட்சக்கணக்கில் காட்டுமாடுகள் ஆறு கடக்கும் காட்சியும் இங்கே இல்லை. பதிலுக்குச் சிறுத்தை பார்க்க ஆப்பிரிக்காவிலேயே மிக நல்ல இடங்களில் ஒன்று இது. யானை, சிங்கம், காட்டுநாய், காட்டெருமை, எண்ண முடியாத நீர்யானைகள், அப்புறம் இந்தப் பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் இல்லாத தார்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கி.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

கேம்ப் எது, விமானம் எது என்பதெல்லாம் பிறகு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை. பள்ளத்தாக்கு முழுக்கக் கரிசல் மண், நனைந்தால் வண்டி நகராது. அதனால் புஷ் கேம்ப்களை, அதாவது உள்காட்டில் நாணல் குடில்களாகப் போடும் சின்ன முகாம்களை, மழைக்கு முன்பே பிரித்துவிட்டு, மே மாதவாக்கில் திரும்பக் கட்டுகிறார்கள். பூங்கா வாசலை ஒட்டிய சில லாட்ஜ்கள் மட்டும் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். மழைக்காலத்தில் காடு பச்சைப்பசேல் என்று அழகாக இருக்கும், ஆறு நிரம்பினால் படகிலும் போகலாம், விலையும் குறைவு. ஆனால் புல் ஆளுயரம் வளர்ந்து நிற்கும்போது நடை சஃபாரிக்கு வழியில்லை. புல்லுக்குள் என்ன படுத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஜூன், ஜூலையில் நடக்க இதமாக இருக்கும். விடியற்காலை மட்டும் 10 டிகிரி அளவுக்கு இறங்கும், திறந்த வண்டியில் காற்றடிக்கும்போது நம் ஊர் உடம்பு நடுங்கிவிடும். புல் இன்னும் முழுதாகச் சாய்ந்திருக்காது, மிருகங்கள் கொஞ்சம் பரவிக் கிடக்கும். அக்டோபரில் இதற்கு நேர் எதிர்: குட்டைகள் வற்றி, மிச்சத் தண்ணீரைச் சுற்றி அத்தனையும் குவிந்திருக்கும், காட்சி பிரமாதம், ஆனால் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மதியம் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு கிடக்கத் தயார் என்றால் போங்கள்.

என்னைக் கேட்டால் செப்டம்பர். நடக்கும் அளவுக்குத்தான் சூடு, புல் சாய்ந்திருக்கும், அதோடு செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து ஆற்றின் செங்குத்தான கரையில் பொந்து தோண்டிக்கொண்டிருக்கும். கரையே சிவப்பாக அசைவதைப் பார்க்க மட்டும் தனியாக ஆட்கள் வருகிறார்கள்.

எத்தனை இரவு, எந்த வரிசை

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரே பயணத்தில் லுவாங்வா, சாம்பேசி, விக்டோரியா அருவி, கூடவே போட்ஸ்வானா என்று அடுக்கினால் பாதி நாள் குட்டி விமானத்துக்குக் காத்திருப்பதிலேயே போய்விடும். பள்ளத்தாக்குக்குள் குறைந்தது ஏழு இரவு வையுங்கள். அதை மூன்று துண்டாகப் பிரிக்கலாம்.

முதல் இரண்டு இரவு பூங்காவின் ம்ஃபுவே வாசல் அருகே ஒரு லாட்ஜில். பயணக் களைப்பு தீரவும், வண்டியில் சுற்றி மிருகங்களைப் பழகவும் இது தேவை. பூங்காவின் இந்தப் பகுதியில்தான் சாலைகள் அதிகம், சிறுத்தை கண்ணில் படும் வாய்ப்பும் அதிகம். அடுத்த மூன்று இரவு உள்ளே ஒரு புஷ் கேம்பில், பிறகு இரண்டு அல்லது மூன்று இரவு இன்னொரு புஷ் கேம்பில். ஒரே நிறுவனம் நடத்தும் இரண்டு கேம்ப்களைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். காலையில் நீங்கள் கைவீசி நடக்க, உங்கள் பை வண்டியில் சுற்று வழியாக வந்து சேரும். கேம்ப்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்: ஒன்று பெரிய ஆற்றங்கரையில், மற்றொன்று குட்டை ஓரத்திலோ கருங்காலித் தோப்பிலோ. ன்செஃபு பகுதி ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அங்கே உப்புத்தரையும் வெந்நீர் ஊற்றும் உண்டு, கொண்டைக் கொக்குகள் நூற்றுக்கணக்கில் இறங்கும்.

வாசல் லாட்ஜையே தவிர்த்துவிட்டு முழுக்க நடந்தால் என்ன என்று தோன்றலாம். வேண்டாம். நடக்கும்போது மிருகம் தூரத்திலேயே உங்களை மோப்பம் பிடித்துவிடும், கிட்டத்துப் படம் கிடைப்பது கஷ்டம். சிறுத்தையை நடந்து போய்ப் பார்ப்பது அபூர்வம், ராத்திரி வண்டியில்தான் பார்ப்பீர்கள். இரவில் விளக்கடித்துக்கொண்டு வண்டி ஓட்ட இங்கே அனுமதி உண்டு, பல நாடுகளின் தேசியப் பூங்காக்களில் அது கிடையாது.

பணமும் முன்பதிவும்

சுற்றி வளைக்காமல் சொன்னால், விலை அதிகம். சீசனில் ஒரு நல்ல புஷ் கேம்ப் ஒருவருக்கு ஓர் இரவுக்குச் சுமார் 600 டாலரில் தொடங்கி 1,000-ஐத் தாண்டியும் போகும். சாப்பாடு, பானங்கள், நடை, வண்டி, வழிகாட்டி, துணி துவைப்பது எல்லாம் பெரும்பாலும் அதற்குள் அடக்கம். பூங்காக் கட்டணமும் விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போவதும் சேர்ந்ததா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனியாகப் போகிறவர்களுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. ஜூன் தொடக்கத்திலோ சீசன் கடைசியிலோ அதைத் தள்ளுபடி செய்யும் கேம்ப்கள் இருக்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள்.

கையில் அவ்வளவு இல்லை என்றால் வாசலுக்கு வெளியே ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்கும் இடங்கள் உண்டு. வண்டியையும் நடையையும் நாள் கணக்கில் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். அங்கே ஐந்து இரவு, உள்காட்டு கேம்பில் இரண்டு இரவு என்று கலப்பது நல்ல வழி.

ஒரு புஷ் கேம்பில் மூன்று முதல் ஐந்து குடில்தான் இருக்கும். செப்டம்பருக்குப் போக வேண்டுமென்றால் ஒரு வருடம் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்கும்போது அறையின் படத்தை விட முக்கியமான கேள்விகள் சில: நடையை நடத்தப்போகும் வழிகாட்டி யார், எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார், ஒரு நடையில் எத்தனை பேர், நடை தினமும் உண்டா அல்லது ஆள் சேர்ந்தால்தானா. நடை வழிகாட்டி ஆவதற்கு ஜாம்பியாவில் தேர்வுகள் கடுமை, ஆனாலும் நல்ல வழிகாட்டிக்கும் சுமாரான வழிகாட்டிக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். குளியலறையில் கல் பதித்திருக்கிறதா என்பதெல்லாம் மூன்றாம் நாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

விசா, ஊசி, மாத்திரை

உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா என்பதை ஜாம்பியா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் டிக்கெட் போடும் முன் பாருங்கள், விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

மஞ்சள் காய்ச்சல் ஊசி விஷயத்தில் நம் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகத் திரும்பினால் அந்தச் சான்றிதழ் முக்கியம், ஏனென்றால் எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள், சான்று இல்லாதவர்களை இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்த வழியாகப் போனாலும் போட்டு வைத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் விமானம் மாறினாலும் கவலை இல்லை.

மலேரியா வருடம் முழுக்க இருக்கிறது, அதுவும் ஆபத்தான ஃபால்சிபாரம் வகை. டாக்சிசைக்ளின், அல்லது அடோவாகோன்–ப்ரோகுவானில், எது உங்களுக்குச் சரி என்று மருத்துவரிடம் கேளுங்கள். டாக்சிசைக்ளின் மலிவு, ஆனால் வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், நாள் முழுக்க வெயிலில் இருக்கப்போகும் பயணத்தில் இதை யோசிக்க வேண்டும். பயணக் காப்பீட்டில் அவசரமாக விமானத்தில் தூக்கிச் செல்லும் வசதி கட்டாயம் இருக்கட்டும். லாட்ஜ்கள் சேர்ந்து பணம் போட்டு ஒரு மருத்துவரைப் பள்ளத்தாக்கிலேயே வைத்திருக்கிறார்கள், ஆனால் பெரிய சிகிச்சை என்றால் தலைநகர் லுசாகா, அல்லது ஜோகன்னஸ்பர்க்.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ துபாய் வழியாக லுசாகா போவது எளிது. அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் ம்ஃபுவே, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரண்டுக்கும் நடுவே நேரம் நெருக்கமாக இருந்தால் லுசாகாவில் ஓர் இரவு தங்கிவிடுங்கள், விமானம் தவறினால் உங்களுக்காக எந்த கேம்பும் தேதியை நகர்த்தாது. சாலை வழியாகவும் போகலாம்: லுசாகாவிலிருந்து சிப்பாட்டா, அங்கிருந்து ம்ஃபுவே, ஒரு முழு நாள் பிடிக்கும். சிப்பாட்டாவில் குஜராத்தி வியாபாரிகள் தலைமுறைகளாக இருக்கிறார்கள், பருப்பு, மசாலா எல்லாம் அங்கே கிடைக்கும்.

பையில் என்ன

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம், துணிப் பை. சின்ன விமானமாக இருந்தால் 15 கிலோதான் அனுமதி. கேம்பில் தினமும் துவைத்துத் தருவார்கள் என்பதால் மூன்று செட் துணி போதும். உள்ளாடையை மட்டும் பல கேம்ப்களில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், குடிலிலேயே சோப்புத்தூள் வைத்திருப்பார்கள்.

நிறம் முக்கியம். காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை. வெள்ளை தூரத்திலிருந்தே தெரியும். நீலமும் கறுப்பும் செட்சி ஈயை இழுக்கும், துணிக்கு மேலேயே கடிக்கும் ஈ அது, தூக்க நோயைப் பரப்பக்கூடியதும்கூட. ராணுவப் புள்ளி போட்ட உடையைத் தொடவே தொடாதீர்கள், ஜாம்பியாவில் பொதுமக்கள் அதைப் போடுவது சட்டப்படி குற்றம்.

கணுக்கால் மறைக்கும் ஷூ, ஊரிலேயே ஒரு மாதம் போட்டுப் பழகியது. மழையில் யானைகள் கரிசலில் அழுந்த மிதித்துப் போன தடங்கள் வெயிலில் காய்ந்து கல்லாகிக் குழி குழியாகக் கிடக்கும், அதில் கால் மடங்கினால் மிச்ச நாள் எல்லாம் நாற்காலியில்தான். 8x42 பைனாகுலர், ஆளுக்கு ஒன்று. கணவனும் மனைவியும் ஒன்றை மாற்றி மாற்றிப் பிடித்தால் சண்டைதான் மிஞ்சும். தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், தொப்பி, ஜூன் ஜூலையில் குல்லாவும் கையுறையும்.

கேம்பில் ஒரு நாள்

குடில் என்றால் நாணல் சுவர், புல் கூரை, ஆற்றைப் பார்த்த பக்கம் பாதி திறந்தே இருக்கும். உள்ளே நல்ல மெத்தை, கொசுவலை, பின்னால் கூரையில்லாத குளியலறை. சில கேம்ப்களில் வாளியில் வெந்நீர் ஊற்றி மேலே ஏற்றிக் கட்டிவிடுவார்கள், எப்போது குளிப்பீர்கள் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். மின்சாரம் பெரும்பாலும் சோலார், கேமரா பேட்டரியைப் பொதுக் கூடத்தில் மாட்டி வைக்க வேண்டும். போன் சிக்னலை மறந்துவிடுங்கள்.

காலை ஐந்து, ஐந்தரைக்கே எழுப்பிவிடுவார்கள். நெருப்பருகே நின்றபடி கஞ்சியோ ரொட்டியோ, ஒரு டீ, ஆறு மணிக்கெல்லாம் நடை. பத்து பத்தரைக்குத் திரும்பினால் வயிறு நிறைய சாப்பாடு, பிறகு தூக்கம். மூன்றரைக்கு டீ, வண்டி, சூரியன் இறங்கும்போது ஆற்றங்கரையில் ஒரு நிறுத்தம், அப்புறம் விளக்கடித்தபடி எட்டு மணி வரை சுற்றல். ராத்திரிச் சாப்பாடு எல்லோரும் ஒரே நீள மேசையில். இருட்டிய பிறகு குடிலுக்குத் தனியாக நடக்கக் கூடாது, ஆள் வந்து கொண்டுவிடுவார். வேலி எதுவும் கிடையாது என்பதால் நீர்யானை மேய்வதற்கு உங்கள் வாசல் வழியாகத்தான் போகும், நீங்கள் பாட்டுக்குப் படுத்திருந்தால் அது பாட்டுக்குப் போய்விடும். குடிலில் பழம், பிஸ்கட் வைக்காதீர்கள். பபூன் பிரிப்பது ஒரு பக்கம், யானை வாசனை பிடித்து வந்தால் சுவரே போய்விடும்.

நடக்கும்போது

வரிசையில் முதலில் ரைஃபிள் ஏந்திய வனத்துறைக் காவலர். அடுத்து வழிகாட்டி. பின்னால் நீங்கள், ஒற்றை வரிசையில், ஆறேழு பேருக்கு மேல் போகாது. கடைசியில் டீ சாமான்களைச் சுமந்து வரும் ஆள், அவர் கண்ணும் சாதாரணப்பட்டதல்ல. பல கேம்ப்களில் 12 வயதுக்குக் கீழே நடைக்கு அனுமதி இல்லை. தரை சமவெளி, மூன்று நான்கு மணி நேரத்தில் பாதி நேரம் நின்று பார்ப்பதிலேயே போகும், மாலை நடை பழக்கம் இருப்பவர்கள் தாராளமாகச் சமாளிக்கலாம்.

கிளம்பும் முன் சொல்லும் விதிகளைக் காது கொடுத்துக் கேளுங்கள். முதல் விதி, ஓடாதே. சிங்கத்தைப் பார்த்து முதுகைக் காட்டி ஓடினால் அதன் மூளைக்கு நீங்கள் இரை. முகம் காட்டி அசையாமல் நின்றால் பெரும்பாலும் அதுதான் விலகும். யானை என்றால் காற்றைப் பார்த்து, நம் வாசனை அதற்குப் போகாத பக்கமாக மெல்லப் பின்வாங்குவார்கள். இதற்காகத்தான் வழிகாட்டி அடிக்கடி ஒரு சின்னப் பையிலிருந்து சாம்பலைத் தட்டிக் காற்றின் போக்கைப் பார்ப்பார், இல்லையென்றால் பிடி மண்ணை உதிர்ப்பார். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். கூட்டத்தை விட்டுத் தனித்து அலையும் கிழட்டுக் காட்டெருமை வழிகாட்டிகள் எல்லோரும் உள்ளூர அஞ்சுகிற மிருகம், புதர் அடர்ந்த இடங்களைச் சுற்றிக்கொண்டு போவது அதனால்தான். கை காட்டினால் நில்லுங்கள், படம் எடுக்கிறேன் என்று வரிசையை விட்டு விலகாதீர்கள்.

பெரிய மிருகம் கண்ணில் படாத காலையைத்தான் நான் இன்னும் உசத்தி என்பேன். வண்டியில் போனால் தெரியாத விஷயம் எல்லாம் அப்போதுதான் தெரியும். சுண்ணாம்பு போல வெளுத்த எச்சத்தை வழிகாட்டி காட்டி, எலும்பைக் கடித்து விழுங்கும் கழுதைப்புலியுடையது என்பார். குரங்கு ஒரு திசையைப் பார்த்து விடாமல் குரைத்தால், புக்கு மான் சீழ்க்கை போட்டால், அந்தப் பக்கம் சிறுத்தை இருக்கலாம். கரையான் புற்று மேல் வளர்ந்து நிற்கும் புளியமரத்தைப் பார்த்து நம் ஊரிலிருந்து இங்கே எப்படி என்று கேட்காதீர்கள், ஆப்பிரிக்காதான் அதன் பூர்வீகம், நமக்குத்தான் அது வந்த மரம். நீண்ட காய்கள் தொங்கும் கிஜெலியா மரத்தடியில் காலையில் பூக்கள் உதிர்ந்து கிடந்தால் மான்களும் நீர்யானையும் அதைத் தேடி வரும். மேலே கிளையில் சிறுத்தை படுத்திருக்கிறதா என்று வழிகாட்டி பார்ப்பது அதனால்தான்.

சாப்பாடும் டிப்ஸும்

சைவம் என்றால் முன்பதிவிலேயே எழுதுங்கள், முட்டை சேருமா சேராதா என்பதையும் சேர்த்து. கேம்புக்குள் காய்கறி வாரம் சில நாள்தான் வரும், நேரில் போய்ச் சொன்னால் சமையல்காரர் பாவம், உருளைக்கிழங்கைத் தவிர வேறு வழி இருக்காது. ஒரு நாளாவது ஊழியர்கள் சாப்பிடுவதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்: ன்ஷிமா, மக்காச்சோள மாவில் கிண்டிய கெட்டிக் களிதான், கையால் உருட்டித் தொட்டுக்கொள்ள வேண்டும். கூட இஃபிசாஷி, கீரையும் அரைத்த நிலக்கடலையும் சேர்த்துச் செய்வது. ஊறுகாய் பாக்கெட் நாலு கொண்டுபோனால் தப்பில்லை, மேசையில் எல்லோரும் கேட்பார்கள்.

டிப்ஸ் கட்டாயமில்லை, ஆனால் வழக்கம். வழிகாட்டிக்கு ஒரு விருந்தினர் நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 20 டாலர், மற்ற ஊழியர்களுக்குப் பொதுப் பெட்டியில் தனியாக. முன்னால் துப்பாக்கியோடு நடந்த வனக்காவலர் கேம்பின் ஊழியர் இல்லை என்பதால் பொதுப் பெட்டிப் பணம் அவருக்குப் போகாமல் இருக்கலாம், கேட்டுக்கொண்டு அவருக்கு நேரில் கொடுங்கள். புதிய டாலர் நோட்டாக, சின்ன மதிப்பில் மாற்றிக்கொண்டு போங்கள், காட்டுக்குள் சில்லறை கிடைக்காது.

திரும்பிய பிறகு

மாத்திரையை விமானம் ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள். டாக்சிசைக்ளின் என்றால் மலேரியா பகுதியை விட்ட பிறகும் நான்கு வாரம், அடோவாகோன்–ப்ரோகுவானில் என்றால் ஏழு நாள். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால் வைரலாக இருக்கும் என்று வீட்டில் படுக்காமல், அன்றைக்கே மருத்துவரிடம் போய் ஆப்பிரிக்கா போய் வந்தேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லி மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.